வரையாடும் காக்கையும்

குன்னிமலை ஜமீன்தாருக்கு நாக்கு நீளம். ஒரு துண்டு வாயில் வைத்தால் போதும், எந்தப் பாறையில் மேய்ந்த ஆடு என்று சொல்லிவிடுவேன் என்பார். அந்த நாக்குக்கே மலையிலிருந்த வரையாடெல்லாம் தீர்ந்து, ஏழெட்டுதான் மிச்சம்.

ஒருநாள் சமையற்கட்டு மாசானத்தைக் கூப்பிட்டார்.

"ஏலே, வரையாடு குட்டி போட்டுப் பால் கொடுக்கிற உசந்த இனம். அது அழியுது. முட்டை போடுற காக்கைப் பறவை ஊரெல்லாம் கத்துது. காக்கை மாதிரி வரையாடும் பெருகணும். முடியலைன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"பெருக்கிரலாம் எசமான். காக்கையை யாரும் திங்கிறதில்ல, அதான் பெருகுது. வரையாட்டை நான் பாத்துக்கிடுதேன்."

அடுத்த விருந்துக்கு, அந்த மலையில் வேட்டையாடும் அக்கம்பக்கத்து ஜமீன்தார்கள் வந்தார்கள். வரையாட்டுக் கறி என்று மாசானம் பரிமாறினான். ஜமீன்தார் ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடினார்.

"உச்சிப்பாறைக் கிடா" என்றார்.

விருந்தாளிகள் மென்றார்கள். முகம் கோணியது. ஒருவர் கொல்லைக்கே ஓடினார். இனி இந்த ஆட்டுப் பக்கம் துப்பாக்கியைத் திருப்புவதில்லை என்று எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

ஜமீன்தார் மெதுவாகக் கேட்டார். "என்ன கறிலே அது?"

"காக்கை, எசமான்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க உச்சிப்பாறைக் கிடான்னுட்டீங்க. நான் மறுத்துப் பேசலாமா? வேணும்னா இப்ப ஓடிப்போய் அவுககிட்ட சொல்லிட்டு வந்திருதேன்."

"வேண்டாம்லே."

அன்றோடு ஜமீன்தாரும் வரையாட்டுக் கறியை விட்டார். வரையாடு பெருகிவிட்டது. ஜமீன்தாரைக் கண்டால் காக்கைகள்தான் கொஞ்சம் தள்ளி உட்காருகின்றன.