பவளன் கட்டிய கப்பம்

செவ்வந்திபுரத்து மன்னர் கோதண்டவர்மருக்கு எதிரிகளே கிடையாது. எல்லைக்கு வெளியே என்றுதான் சொல்கிறேன். அரண்மனைக்குள் எல்லாரையும் ஒருவன் நடுங்க வைத்துக்கொண்டிருந்தான். பச்சை உடம்பு, சிவந்த மூக்கு, பெயர் பவளன். மன்னரின் செல்லக் கிளி.

மூன்று வருஷம் சாதுவாக இருந்தவன், அந்த மாசி பிறந்ததும் ஆளே மாறிப்போனான். மன்னரின் தோளைவிட்டு இறங்கமாட்டான். பக்கத்தில் யார் வந்தாலும் கடிதான். சேனாபதியின் காது, சமையல்காரரின் கட்டைவிரல், அயல்நாட்டுத் தூதரின் மூக்கு, எதற்கும் தயவு தாட்சண்யம் இல்லை. அதிலும் மகாராணி செண்பகவல்லியைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. அவர் வாசலில் கால் வைத்ததுமே இறக்கையை விரித்துக்கொண்டு கத்துவான்.

மன்னர்மேல் மட்டும் கொள்ளைப் பிரியம். தின்றதைக் கக்கி அவர் உள்ளங்கையில் வைப்பான். மன்னர் அதைச் சபையில் நீட்டிக் காட்டுவார்.

"பார்த்தீர்களா? பறவைகூட எனக்குக் கப்பம் கட்டுகிறது!"

சபை கைதட்டும். வேறென்ன செய்யும்?

ஒருநாள் கிளி கடித்த கடியில் ராணியின் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. மன்னர் ஆஸ்தான சோதிடர் திரிகாலநாதரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கிளி தெய்வாம்சம் அரசே. கோளாறு மகாராணியின் ஜாதகத்தில்தான். ஒரு வருஷம் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரட்டும்."

"நன்றாகச் சொன்னீர்!" என்று மன்னர் சோதிடரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிடித்த பேச்சு காதில் விழுந்தால் பேசியவரின் முதுகைத் தடவுவது அவர் வழக்கம். திரிகாலநாதரின் முதுகு அநேகமாகத் தினமும் தடவப்பட்டது.

பல்லக்கு வாசலுக்கு வந்ததைக் கண்டு ராணி மனம் நொந்தார். ஒரு கிளிக்காகக் கட்டிய மனைவியையே அனுப்புகிறாரே!

அப்போது அரசவை விகடகவி வெண்காடன் எழுந்தான். "பல்லக்கு கொஞ்சம் பொறுக்கட்டும் அரசே. கிளியை நான் சரிசெய்கிறேன்."

"செய். ஆனால் அதைக் கூண்டில் அடைக்கக் கூடாது. இறகை வெட்டக் கூடாது. உன் விரல்கூட அதன்மேல் படக் கூடாது. அடுத்த பௌர்ணமிக்குள் அது ராணியின் கையிலிருந்து தீனி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ராணியின் பல்லக்குக்கு முன்னால் நீ நாட்டைவிட்டு நடக்க வேண்டியதுதான்!"

திரிகாலநாதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சம்மதம் அரசே. கிளியின் பக்கமே போகமாட்டேன். வைத்தியம் தங்களுக்குத்தான்."

"எனக்கா? எனக்கென்ன வியாதி?"

"வியாதி இல்லை. பத்தியம் மட்டும்."

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னரால் மறுக்க முடியவில்லை.

அன்றே பத்தியம் தொடங்கியது. நடுநிசிவரை விளக்கெரியப் பாட்டும் கூத்துமாக இருந்த மன்னரின் அறையில், பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். ஒன்பது தேசம் வென்றவர் கோழியோடு கோழியாகப் படுத்தார். பவளன் புகுந்து புகுந்து விளையாடும் சால்வைப் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. வெதுவெதுப்பான பாதாம் அல்வா நின்றது. பச்சை மிளகாயையும் கொய்யாத் துண்டையும் ஓலையில் சுருட்டித் தொங்கவிட்டார்கள். வேண்டுமானால் அவனே பிய்த்துத் தின்னட்டும்.

"கடித்தால் திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்," என்றான் வெண்காடன். "கொம்பில் இறக்கிவிட்டுப் பேசாமல் எழுந்து போங்கள். கொஞ்ச வேண்டுமா, தலையை மட்டும் வருடுங்கள். முதுகுப் பக்கம் கையே போகக் கூடாது."

முதலில் பவளன் ஊரைக் கூட்டினான். மன்னரையே கடித்தான். "உன் பத்தியமும் நீயும்!" என்று மன்னர் சீறினார். வெண்காடன் மூட்டை கட்டத் தயாராகவே இருந்தான். ஆனால் நாளாக ஆகச் சத்தம் குறைந்தது. உள்ளங்கைக் கப்பமும் நின்றுபோனது. மன்னருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பௌர்ணமியன்று ராணி உள்ளங்கையில் ஒரு கொய்யாத் துண்டை நீட்டினார். பவளன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். மெல்ல நகர்ந்து வந்தான். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டான். ராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னடா மந்திரம் இது?" என்றார் மன்னர்.

"மந்திரம் இல்லை அரசே. பருவம். நீண்ட வெளிச்சம், கொழுத்த தீனி, கூடுகட்டச் சால்வைப் பெட்டிபோல் இருட்டாய் ஒரு பொந்து, போதாததற்கு முதுகில் தடவல். இத்தனையும் சேர்ந்தால் ஒரு கிளி என்ன நினைக்கும்? கல்யாணம் ஆகிவிட்டது என்றுதான் நினைக்கும். தன் ஜோடியை நெருங்குகிறவர்களைக் கடிக்கும்."

"அப்படியானால் அந்தக் கப்பம்?"

"கப்பம் இல்லை அரசே. ஆண் கிளி தன் பெண்டாட்டிக்கு அப்படித்தான் ஊட்டிவிடும்."

முதலில் சிரித்தது ராணி. அப்புறம் மன்னருக்கும் அடக்க முடியவில்லை. பல்லக்கைக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினார். தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். "பலே!" என்று முதுகைத் தடவக் கையை நீட்டினார்.

வெண்காடன் துள்ளி விலகினான்.

"முதுகில் வேண்டாம் அரசே, தலையில் மட்டும்! தாங்கள் தடவித் தடவி, திரிகாலநாதர் ஏற்கெனவே மகாராணியைக் கடித்துவிட்டார்!"