குளிக்கப் போகாத வெள்ளி

வெள்ளி என்று நாம் சொல்லும் வானத்து மீன்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், அவற்றில் ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்காது. பொழுது சாய்ந்ததும் கிழக்கே கிளம்பி, வானம் முழுக்க நடந்து, மேற்கே மலைக்கு அப்பால் இருக்கும் கடலில் போய் இறங்கும். அங்கே முங்கிக் குளித்து, வழியில் படிந்த தூசியையெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மறுநாள் புளி போட்டு விளக்கிய பாத்திரம்போலப் பளபளவென்று வரும். அந்தக் குளியலைத் தவறவிட எந்த மீனுக்கும் மனசு வராது.

மீன்களுக்கு அது சௌகரியம். கடலுக்குப் போகிறவர்களுக்கோ அதுவே வினை. கரை மறைந்துவிட்டால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒட்டி ஒரு வெள்ளி தெரிந்தால், அது மேற்கே குளிக்க இறங்குகிறதா, குளித்துவிட்டுக் கிழக்கே ஏறுகிறதா என்று எப்படித் தெரியும்? இறங்குகிறது, அதோ மேற்கே நம் கரை என்று நம்பித் துடுப்புப் போடுவார்கள். கை ஓய்ந்துபோய் நிமிர்ந்து பார்த்தால், அது தலைக்கு மேல் ஏறியிருக்கும். அத்தனை நேரமும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கடலுக்குப் போயிருப்பார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

கிழக்குக் கடலோரம் புன்னைத்துறை என்று ஓர் ஊர். அங்கே செம்பாயி என்று ஒருத்தி. கவலைப்பட அவளுக்குத் தனியாகக் காரணம் வேண்டாம். காற்று அடித்தால் ஏன் அடிக்கிறது என்பாள், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்பாள். கட்டுமரத்துக் கயிற்றை அவள் புருஷன் சடையன் ஒரு முறை இழுத்துப் பார்த்தால், அவள் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்.

"நீ இழுக்கிற இழுப்புலதான் புள்ள கயிறு அறுந்துபோகும்" என்பான் சடையன்.

ஓர் ஐப்பசி மாதம் சடையன் தனியாகக் கடலுக்குப் போனான். கட்டுமரத்தில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. சிக்கனமாகக் குடித்தால் இரண்டு நாள் வரும். மூன்றாம் நாள் சாயங்காலமும் அவன் வரவில்லை. பகல் முழுக்க மேகம் மூடிக் கிடந்ததால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியவில்லை. இருட்டியதும் வாடைக்காற்று மேகத்தைத் தள்ளிவிட, வானம் திறந்துகொண்டது.

செம்பாயி கரையில் நின்றாள். பக்கத்து வீட்டு வேம்பாயியும் வந்து நின்றாள்.

"என்ன மதினி, இன்னிக்கும் சோறாக்கி வச்சிட்டியா?"

"ஆக்காம? வந்து பசிக்குதுன்னா என்னத்தக் குடுக்கிறது?"

"நேத்து ஆக்கினது?"

"காக்காய்க்கு."

"உன் புண்ணியத்துல நம்ம ஊரு காக்காயெல்லாம் பறக்க முடியாம நடந்து போகுது."

வேம்பாயியின் புருஷனும் முந்தின நாள் கடலுக்குப் போனவன்தான். பயம் வந்தால் அவள் வாயாடுவாள். செம்பாயி சமைப்பாள். ஆளுக்கு ஒரு வழி.

"குடத்துத் தண்ணி நேத்தோட தீர்ந்திருக்கும்" என்றாள் செம்பாயி.

செம்பாயி அண்ணாந்து பார்த்தாள். மேற்கே பெரிய அந்திவெள்ளி ஒன்று அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா பெரிய வெள்ளி! ஒரே ஒரு ராத்திரி அங்கேயே நில்லு. என் ஆளுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

"நல்லாச் சொன்ன! சூரியன் இப்பத்தான் இறங்கியிருக்கான். தண்ணி சூடா இருக்கிறப்பவே நான் முங்கணும்" என்று சொல்லிவிட்டு அந்திவெள்ளி மலைக்குப் பின்னால் போய்விட்டது.

கிழக்கே ஆறாமீன் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அக்காள் தங்கைகள்.

"தாயிகளா, உங்கள்ல ஒருத்தி நின்னாப் போதும்."

"மூத்தவ நிக்கட்டும்" என்றாள் இளையவள்.

"எனக்கு மூட்டு வலி. நடுவுல உள்ளவ நிக்கட்டும்."

"எப்பவும் நானா? போன மாசம் மேகத்துக்குப் பின்னால யாரு நின்னது?"

சண்டை முடிவதற்குள் ஆறு பேரும் உச்சிக்குப் போய்விட்டார்கள். செம்பாயி இன்னும் நாலைந்து மீன்களைக் கெஞ்சிப் பார்த்தாள். ஒன்று காது கேட்காததுபோல நடந்தது. இன்னொன்று, 'உன் ஒருத்தி புருஷனுக்காக வானம் நிக்குமா?' என்று கேட்டது. செம்பாயி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஊருக்கு வடக்கே, பனங்காட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, நான் நிக்கவா?"

அது ஒரு சின்ன வெள்ளி. கூட்டத்தோடு நடக்கத் தெம்பில்லாமல், வடக்கு ஓரமாக ஒதுங்கி, எப்போதும் கடைசியாக ஊர்ந்து வரும். மற்ற மீன்கள் குளித்துத் துவட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் அது கடலுக்கே போய்ச் சேரும்.

"உன்னால முடியுமா தாயி?" என்றாள் செம்பாயி. உதவி வந்தபோதும் அவளுக்குக் கவலைதான்.

"நடக்கத்தான் முடியல. நிக்க முடியும். ஆனா நின்னா, குளிக்கப் போக முடியாது. தூசி படிஞ்சு மங்கிப்போவேன்."

செம்பாயிக்கு மனசு குறுகுறுத்தது. இன்னொருத்தியின் அழகைக் கேட்டு வாங்குவது சரியா? ஆனால் குடத்தில் தண்ணீர் இல்லை.

"மங்கினாலும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி இரு தாயி" என்றாள் கடைசியில்.

"சரி. உங்க வேலை முடிஞ்சதும் 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது காதுல விழுந்தாத்தான் நகருவேன். அதுவரைக்கும் அசையமாட்டேன்."

சொன்னதோடு சின்ன வெள்ளி நின்றுவிட்டது. செம்பாயிக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பனையின் அடியில் உட்கார்ந்து, அதன் நுனிக்கு நேராக வெள்ளியை வைத்து விடிய விடியப் பார்த்தாள். மற்றதெல்லாம் போயிற்று. அது பனைநுனியை விட்டு விலகவே இல்லை.

மறுநாளும் மேகம். கடலில் ஒரு புள்ளியும் இல்லை. ராத்திரி மறுபடி வானம் திறந்தது, சின்ன வெள்ளி அங்கேயே நின்றது. அதற்கும் அடுத்த நாள் உச்சிப்பொழுதில், தெற்குத் தெருப் பிள்ளைகள் 'மரம்! மரம்!' என்று கத்தினார்கள். செம்பாயி அலைக்குள் இடுப்பளவு இறங்கி ஓடினாள்.

சடையனின் உதடு உப்புப் பூத்து வெடித்திருந்தது. "தண்ணி" என்றான். அவள் கொடுத்தாள். மடக்கு மடக்காகக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு வசவும் வந்தது.

"அஞ்சு நாளா ஆக்கி ஆக்கிக் கொட்டுறேன், எங்கேய்யா போய்த் தொலஞ்ச?"

"எங்கே போனேன்னு தெரிஞ்சா வந்திருக்க மாட்டேனா? குடம் காலி. அப்புறம் நடுவுல பேஞ்ச தூத்தலைப் பாய்த்துணியில ஏந்திப் பிழிஞ்சு குடிச்சேன். ராத்திரி அண்ணாந்து பார்த்தா வானமே சுத்துது. தாகத்துல கிறுகிறுப்புன்னு நெனச்சேன். அதுல ஒண்ணு மட்டும் சுத்தல. யாருடா இதுன்னு பார்த்தா, நம்ம பனங்காட்டு மேல ஊர்ந்து வருமே, அந்தச் சோம்பேறி! பனங்காடு ஊருக்கு வடக்கேதானே? அதை வலது தோளுக்கு நேரா வச்சுக்கிட்டு மேற்கே பார்த்துத் துடுப்புப் போட்டேன். கரை வந்திருச்சு."

"சோம்பேறின்னு சொல்லாத" என்றாள் செம்பாயி. அப்புறம்தான் அழுதாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் வடக்கிலிருந்து குரல் வந்தது. "அக்கா, அவர் வந்தாச்சா? நான் கிளம்பட்டுமா?"

செம்பாயி கைகூப்பிக்கொண்டு வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து ஓடிவந்த வேம்பாயி அவள் வாயைப் பொத்தினாள்.

"உன் ஆளு வந்துட்டாரு மதினி. என் ஆளு இன்னும் வரல." இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

செம்பாயி வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் வேம்பாயியின் புருஷனும் வெள்ளியை வலத்தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆனால் அதற்குள் தெற்குத் தெருக் கட்டுமரங்கள் இரண்டு கடலில் இருந்தன. அவை கரையேறியபோது சடையன் மறுபடியும் கடலுக்குப் போகக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கடலில் இல்லாத நாள் என்று ஒன்று அந்த ஊரில் வரவே இல்லை.

செம்பாயிக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளி நாளுக்கு நாள் மங்கியது. ஒரு சாயங்காலம் பனங்காட்டுப் பக்கம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தாயி, ஒரு ராத்திரின்னு சொல்லி உன்னை ஏமாத்திட்டேன். குளிக்காம எவ்வளவு மங்கிட்ட!"

சின்ன வெள்ளி சிரித்தது. "கவலைப்படாதீங்கக்கா. பிறந்த நாள்லேருந்து எல்லாருக்கும் பின்னால ஓடி ஓடிக் காலே தேஞ்சுபோச்சு. இப்பத்தான் நிம்மதியா நிக்கிறேன். முன்னெல்லாம் என்னை யாரு திரும்பிப் பார்த்தா? இப்ப வடக்கே அகப்பை மாதிரி சேர்ந்து நடக்கிற அந்த ஏழு மீனும் என்னையே சுத்திச் சுத்தி வருது, பாருங்க. எனக்காக யாரும் 'போ' சொல்லவேண்டாம்."

செம்பாயியின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். ஆனாலும் அவள் செம்பாயியாயிற்றே! யாரோ யாரையோ 'போ' என்று சொல்ல, அது வெள்ளியின் காதில் விழுந்து, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அது கிளம்பிவிட்டால்? விடிந்ததும் வேம்பாயியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், அந்த வார்த்தையை வாசலில் நின்று சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

பின்னால் மிளகு ஏற்றிப்போன கப்பல்காரர்கள் அந்த வெள்ளியைப் பார்த்துப் போனார்கள். உப்பு வண்டிக்காரர்களும், மணல்காட்டில் ஒட்டகம் ஓட்டியவர்களும், காட்டில் வழி தப்பியவர்களும் அதைப் பார்த்தே வீடு சேர்ந்தார்கள். படித்தவர்கள் அதற்குத் துருவ நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் வானத்து மீன்களுக்கு வாய் போய்விட்டது. காது போயிற்றா என்று யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்துதான், மற்ற மீன்களெல்லாம் குளிக்கப் போய்க்கொண்டிருக்க, வடக்கே அந்த ஒரு வெள்ளி மட்டும் கொஞ்சம் மங்கலாக, அசையாமல் நிற்கிறது. நாமும் வாசல் தாண்டுகிறவர்களை 'போ' என்று அனுப்பாமல் 'போயிட்டு வா' என்று சொல்லி அனுப்புகிறோம்.