ஈப்பொறிக்குப் பந்தி போட்ட மூவர்

சாத்தமங்கை என்ற ஊரில் கல்யாணப் பந்திகளில் பரிமாறுவதையே தொழிலாகக் கொண்ட மூவர் இருந்தனர். மூத்தவர் குஞ்சிதபாதம்; சாம்பார் வாளி அவர் பொறுப்பு. அடுத்தவன் சிகாமணி, உண்டு முடித்தோர் மூடிவிட்டுப் போகும் இலைகளை எடுப்பவன். மூன்றாமவன் கலியமூர்த்தி, பந்தியின் ஓரத்தில் நின்று விசிறியால் ஈ ஓட்டுபவன். தொழிலில் அவர்களைக் குறை சொன்னவர் எவருமில்லை. தொழிலுக்கு வெளியே அவர்களை நம்பி எதையும் ஒப்படைத்தவரும் அதுவரை எவருமில்லை.

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை மரகதவல்லியின் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் மூவரும் வாடகையின்றிக் குடியிருந்தனர். ஆனி மாதத்தில் அந்த அம்மையார் மூன்று மாதம் தங்கிவர மகன் ஊருக்குப் புறப்பட்டார். அவரிடம் ஒரு தொட்டியில் ஈப்பொறிச் செடி இருந்தது. ஏழு இலைகள்; ஒவ்வோர் இலையின் நுனியிலும் பற்கள் வைத்த ஒரு வாய். ஈ வந்து அமர்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். தின்று செரித்தபின் திறக்கும். கடல் கடந்து வந்த அச்செடியை அவர் நான்கு ஆண்டுகளாக வளர்த்து வந்தார்.

புறப்படும் நாளில் மூவரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பு செடியைக் கொன்றுவிடும். மழைத்தண்ணீர் மட்டுமே விட வேண்டும். அதற்காக அண்டா நிறையப் பிடித்து வைத்திருக்கிறார். உரம் கூடாது. நல்ல வெயில் வேண்டும். தீனி போடத் தேவையில்லை, அதுவே பிடித்துக்கொள்ளும். மிகவும் சோர்ந்து தெரிந்தால் மட்டும் உயிருள்ள ஈ ஒன்று கொடுக்கலாம்.

"நான் சொன்னதை மட்டும் செய்யுங்க, குஞ்சிதபாதம். நீங்களா எதையும் யோசிக்காதீங்க. திரும்பி வரும்போது செடி இல்லைன்னா, அன்னைக்கே கொட்டகையைக் காலி பண்ணணும்."

மூவருக்கும் போக வேறு இடமில்லை. ஆகவே பயபக்தியுடன் தலையசைத்தனர்.

முதல் சிக்கல் அன்று மாலையே எழுந்தது. அண்டாவில் இருப்பது மழைத்தண்ணீர்தானா என்று சிகாமணி கேட்டான். அது மேலிருந்து விழவில்லையே, அண்டாவில் சும்மா கிடக்கிறதே என்பது அவன் வாதம். குஞ்சிதபாதம் நெடுநேரம் ஆராய்ந்து, விழும்போதுதான் அது மழை, விழுந்து கிடப்பது வெறும் தண்ணீர் என்று தீர்ப்பளித்தார். எனவே சிகாமணி அண்டாத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டுகொண்டு மொட்டைமாடி ஏறினான். பூந்திக் கரண்டி வழியாகக் கீழிருந்த தொட்டியின்மேல் தூவினான். இடியில்லாத மழையை மழையென்று செடி ஏற்குமோ என்ற ஐயத்தில் கலியமூர்த்தி அண்டாவின் மூடியைக் கரண்டியால் அடித்தான். இப்படி நாள்தோறும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சாத்தமங்கையில் ஒரேயொரு தொட்டிக்கு மட்டும் மழை பெய்தது.

ஆடியில் உண்மையான மழையே வந்தது. மூவரும் பதறி ஓடி, செடி நனைந்துவிடாதபடி குடை பிடித்தனர்.

வெயில் விஷயத்தில் அவர்கள் தவறவில்லை. தொட்டியைக் கலியமூர்த்தி தலையில் வைத்துக்கொண்டு, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்தான். மாலையில் செடி செழிப்பாக இருந்தது. அவனுக்குத்தான் காய்ச்சல் கண்டது.

ஆனால் தீனிதான் அவர்களைப் பெரிதும் வருத்தியது. ஏழு வாய்களும் எந்நேரமும் திறந்தே இருந்தன.

"பசியில வாயைப் பொளந்துகிட்டு நிக்குது, அண்ணே," என்றான் சிகாமணி. "இதுக்கு மேலயா ஒருத்தர் சோர்ந்து தெரியணும்?"

"நம்ம கை பட்ட எடத்துல விருந்தாளி தானா எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாருன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன்டா நம்மளக் கூப்பிடுவான்?" என்றார் குஞ்சிதபாதம். கொட்டகை ஒருபுறமிருக்க, இப்போது மானமும் சேர்ந்துகொண்டது.

ஈக்களை வரவழைக்கக் கொல்லையில் வெல்லப்பாகு வைத்தனர். ஊரிலுள்ள ஈக்களெல்லாம் வந்தன. உடனே கலியமூர்த்தி அவற்றை ஓட்டிவிட்டான். வேண்டுமென்றே செய்ததன்று, ஈயைக் கண்டதும் இருபது வருடமாக அசைந்த கை அசைந்தது. விசிறியைப் பிடுங்கினால் துண்டால் ஓட்டினான். துண்டைப் பிடுங்கினால் வெறுங்கையால் ஓட்டினான். முடிவில் அவனைத் தூணோடு கட்டி, கண்ணையும் மறைத்தனர்.

"சத்தம் கேக்குதே, அண்ணே," என்று அவன் முனகினான். காதிலும் பஞ்சு வைத்தனர்.

ஒருவழியாகக் குஞ்சிதபாதம் ஓர் ஈயைப் பிடித்து, மரியாதையாக முதல் வாயில் பரிமாறினார். வாய் பட்டென்று மூடிக்கொண்டது. மூவரும் நெகிழ்ந்து போயினர். (கலியமூர்த்திக்கு விஷயத்தைச் சைகையால் தெரிவித்தனர்; கண்கட்டை அவிழ்த்த பிறகு.)

"பாத்தியா, வயிறு நெறைஞ்சு இலையை மூடிட்டாரு," என்றார் குஞ்சிதபாதம். "தன் பக்கமா மூடியிருக்காரு. நல்ல குடும்பம்."

மூடிய இலையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு விருந்தாளியை உட்கார வைப்பது எந்தப் பந்தியிலும் வழக்கமில்லை. எனவே சிகாமணி வந்தான். காம்போடு, ஒரு துளியும் மிஞ்சாமல், அடியிலிருந்தே அந்த இலையை எடுத்தான். தொழில் சுத்தம் என்றால் அவன்தான்.

இருபதே நாளில் ஏழு இலைகளும் மூடின. ஏழும் எடுக்கப்பட்டன. தொட்டியில் மண் மட்டும் இருந்தது. பந்தி சிறப்பாக நடந்தேறியதென்று மூவரும் நிம்மதியாக உறங்கினர்.

புரட்டாசியில் மரகதவல்லி திரும்பினார். பெட்டியைக்கூட இறக்காமல் கொல்லைக்கு வந்து தொட்டியைப் பார்த்தார்.

"செடி எங்கே?"

"சாப்பிட்டு முடிச்சாச்சும்மா," என்றார் குஞ்சிதபாதம். "கை கழுவப் போயிருக்காங்க போலிருக்கு."

அந்த அம்மையார் விவரம் முழுவதையும் கேட்டு முடித்தார். பின்பு, விடிவதற்குள் கொட்டகை காலியாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். வாளிகளையும் கரண்டிகளையும் மூவரும் ஒவ்வொன்றாகச் சாக்கில் போடத் தொடங்கினர். கலியமூர்த்தி விசிறியை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

மூங்கில் கூடை ஒன்று அம்மையாருடையதா தங்களுடையதா என்ற சந்தேகத்தில் சிகாமணி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் என்ன என்று அவர் கேட்டார்.

"எச்சில் இலைங்கம்மா. பெரிய எடத்து விருந்தாளியாச்சே, தெருவுல வீச மனசு வரலை. செடித் தொட்டிக்குன்னு நீங்க வாங்கி வச்சிருந்த பாசி மூட்டையிலேர்ந்து கொஞ்சம் எடுத்து நனைச்சு, அதுல செருகி வெயில்ல வச்சிருந்தேன். இலை எடுத்த பெறகு தண்ணி தெளிக்கணுமில்லையா, அதுக்குத் தெனமும் மழையும் பெய்ய வச்சோம்."

கூடைக்குள் ஏழு இடங்களில், கடுகளவு வாய்களுடன், ஏழு புதிய செடிகள் முளைத்திருந்தன. அடியின் வெள்ளைப் பகுதியோடு கழற்றிய இலையை ஈரப்பாசியில் வைத்தால் அது தளிர்க்கும். மரகதவல்லி நான்கு ஆண்டுகளாக அதைச் செய்ய முயன்று, ஒருமுறையும் வெற்றி கண்டதில்லை. அவர் கூடையின்மேல் குனிந்து முளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ரெண்டாம் பந்திக்கு ஏழு பேர் வந்திருக்காங்க," என்று சிகாமணி மெல்லச் சொன்னான்.

சாக்குகள் திரும்ப அவிழ்க்கப்பட்டன. ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. அதை மூவரும் மூன்று முறை ஒப்பிக்க வேண்டியிருந்தது.

"மூடின இலையை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பத்து நாள்ல அதுவா திறந்துக்கும். யார் சொன்னாலும் சரி, தொட்டா மூணு பேரும் அன்னைக்கே வெளியே."

ஐப்பசியில் மரகதவல்லியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். பரிமாறும் பொறுப்பு இம்மூவருக்கே. முதல் பந்தியில் முந்நூறு பேர் வயிறார உண்டு, இலையை மூடி, எழுந்து சென்றனர். இரண்டாம் பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றனர். முந்நூறு இலைகளும் மூடியபடியே கிடந்தன. சிகாமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். பெண்ணின் தகப்பனார் அதட்டினார், பிறகு கெஞ்சினார். அவன் கண்ணில் நீர் வந்தது. கை மட்டும் வரவில்லை. ஓர் உறவினர் தாமே ஓர் இலையை எடுக்கக் குனிந்தபோது, கலியமூர்த்தி அவரை விசிறியால் ஓட்டிவிட்டான்.

சத்தம் கேட்டு மரகதவல்லி உள்ளேயிருந்து வருவதற்குள், குஞ்சிதபாதம் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கைகூப்பி வணங்கினார்.

"சம்பந்தி ஐயா கொஞ்சம் பொறுத்துக்கணும். பத்து நாள்ல இலையெல்லாம் அதுவா திறந்துக்கும். அதுவரைக்கும் தாகமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, சிகாமணி மாடியேறி மழை பெய்ய வைப்பான்."