ஒரு சாண் உயர்ந்த காவிக்கோடு

“ராஜாவைச் சிரிக்க வைத்துவிடலாம் சேந்தா, ஆனால் ஆற்றை...” என்று பழைய அமைச்சர் எதையோ சொல்வார். பின்பாதி என்னவென்று சேந்தனாருக்கு மறந்துபோயிற்று. முன்பாதியை வைத்துக்கொண்டே அமைச்சர் பதவியில் இத்தனை காலமும் தள்ளிவிட்டார்.

கொம்பாறு பாய்கிற சீமையை அப்போது ஆண்டவன் விக்கிரமநாதன் என்கிற ராஜா. காலையில் ஒன்று நினைப்பான், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேறொன்று நினைப்பான். ஒரு நாள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவன், “வருகிற பௌர்ணமிக்குள் எனக்கு ஒரு கல்மண்டபம் வேண்டும்” என்றான். கல் கிடப்பதோ மேற்கே மலையடிவாரத்தில். தோணியில் ஏற்றி ஆற்றோடுதான் கொண்டுவர வேண்டும். ஆற்றிலோ வெள்ளம்.

அந்தப் பொறுப்பு திருப்பணி அதிகாரி கொற்றங்குடியாரிடம் போயிற்று. அமைச்சரை யாராவது மெச்சிப் பேசினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இந்த மண்டபத்தைக் கட்டியாவது சேந்தனாரை மட்டம் தட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுத்தோணியை இறக்கும்போதே அதன் விலாவில் செங்காவியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பாரம் ஏற ஏறத் தோணி அமிழும். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஒரு கூடை மண்கூட ஏற்றமாட்டார்கள்.

“சோம்பேறிகள் போட்ட கோடு” என்றார் கொற்றங்குடியார். பழையதைச் சுரண்டச் சொல்லி, ஒரு சாண் மேலே புதுக்கோடு போடவைத்தார். முடியாது என்றவர்கள் முதுகில் சவுக்கு பேசியது.

முதல் தோணி ஆனைமடுச் சுழலில் கவிழ்ந்தது. கழி ஊன்றிப் போன நால்வரில் ஒருவரும் கரையேறவில்லை.

“குடித்துவிட்டு ஓட்டினார்கள் மகாராஜா! எப்பேர்ப்பட்ட கல், போச்சே!” என்று சபையில் ஒப்பாரி வைத்தார் கொற்றங்குடியார். கல்லுக்காக ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மிச்சமிருந்த தோணிக்காரர்களைச் சிறையில் போட்டுக் கழுவேற்றச் சொன்னான்.

“அவர்கள்மேல் குற்றமில்லை மகாராஜா” என்று எழுந்தார் சேந்தனார்.

“நியாயம் பேசாதேயும் ஓய், கொட்டாவி வருகிறது. நாளைக் காலையில் நான் சிரிக்கும்படி நிரூபியும், விட்டுவிடுகிறேன். சிரிப்பு வராவிட்டால் கழுமரம்தான்.”

சேந்தனாருக்கு அன்று எதுவும் ருசிக்கவில்லை. தோட்டக்காரனைக் காப்பாற்ற ஒரு விகடம், சமையற்காரியைக் காப்பாற்ற ஒரு விகடம் என்று செலவழித்துச் செலவழித்து, இப்போது பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் அவருக்கே கேட்டது.

மறுநாள் எல்லோரையும் அரண்மனைக் குளத்துக்கு அழைத்துப்போனார். விலங்கோடு தோணிக்காரர்களும் வந்து நின்றார்கள்.

“கொற்றங்குடியாரே, தண்ணீர் என்றால் உமக்குப் பயமோ?”

“எனக்கா? நன்றாகக் கேட்டீர்!” வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு முன்னால் வந்தார் அவர்.

சேந்தனார் காவியைக் குழைத்து அவர் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார். “தண்ணீர் இந்தக் கோட்டைத் தொடும்வரை இறங்கும்.”

கொற்றங்குடியார் கழுத்தளவு தண்ணீரில் நின்று, “சுகமாக இருக்கிறது மகாராஜா!” என்று கூவினார்.

அவரை மேலே கூப்பிட்டு, கோட்டைத் துண்டால் துடைத்தார் அமைச்சர். ஒரு சாண் அளந்து, மேலே நெற்றியில் புதுக்கோடு போட்டார். “இப்போது இறங்கும்.”

“ஓய்! என் மூக்கு என்ன ஆவது?”

“மூக்கு கிடக்கட்டும். கோட்டைத் தண்ணீர் தொட வேண்டாமா? சோம்பேறித்தனம் பண்ணாமல் இறங்கும்!”

ராஜா ஒரு கணம் விழித்தான். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “தள்ளுங்கடா அவரை!”

காவலர்கள் தள்ளினார்கள். முங்கி எழுந்த கொற்றங்குடியாரின் முகமெல்லாம் காவி ஒழுகியது. “மூச்சு... முட்டுது... கோடு தப்பு மகாராஜா! நான் போட்ட கோடு தப்பு!”

சபை குலுங்கியது. கொற்றங்குடியாரின் பட்டம் அந்த இடத்திலேயே பறிபோயிற்று. தோணிக்காரர்களின் விலங்கு கழன்றது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

தோணிக்காரர்களின் தலைவன் மாசாணம் மட்டும் சிரிக்கவில்லை. கும்பிட்டபடி கிட்டே வந்தான்.

“நல்லா இருந்துதுங்க சாமி. அந்தத் தோணியில போன என் தம்பிக்கும் இங்கவரைக்கும்தான் தண்ணி வந்திருக்கும், இல்லீங்களா?” என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

சேந்தனார் ராஜா பக்கம் திரும்பினார். “மாலை வேண்டாம் மகாராஜா. வெள்ளம் வடிகிறவரை தோணிகளை நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. “இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வேண்டுமானால் பழைய கோட்டையே போட்டுக்கொள்ளட்டும். நாளைக் காலையில் எல்லாத் தோணியும் கிளம்பியாக வேண்டும்.”

“பழைய கோடு அடங்கி ஓடுகிற தண்ணீருக்கு. இந்த வெள்ளத்துக்குக் கோடே கிடையாது மகாராஜா.”

“தோணி இருக்கிறது, ஆள் இருக்கிறது, கல் இருக்கிறது. அப்புறம் என்ன ஓய்? கொற்றங்குடியாரை இன்னொரு தடவை தள்ளுங்கள், ராணி பார்க்கவில்லை!”

சேந்தனார் மாசாணத்தோடு துறைக்கு நடந்தார். அரண்மனைத் தோணிகள் வெள்ளத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. தோணிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

“போகமாட்டோம் என்று சொல்லிப் பாருங்களேன்” என்றார் அமைச்சர்.

“சொன்னா கழுமரம். போனா ஆனைமடு” என்றான் மாசாணம். “வேற விகடம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சாமி?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை.

“இல்லையப்பா” என்றார் சேந்தனார். முட்டிக்கொண்டு கிடந்த தோணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “கோடரி இருக்கிறதா?” என்று கேட்டார்.

யார் விசாரித்தாலும் அமைச்சர்தான் செய்தார் என்று சொல்லும்படி மாசாணத்திடம் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அத்தனை தோணிகளின் அடிப்பலகையையும் தன் கையாலேயே பிளந்துவிடுவது என்று முடிவு செய்தார்.