டப்பாவில் போடாத சாவிக்கொத்து

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. சிஷ்யருக்குக் கூச்சப்பட நேரமில்லை, குருவுக்குப் பழகிவிட்டது.

சிஷ்யர் பெயர் தணிகாசலம். தொலைபேசி இலாகாவில் இருபத்தெட்டு வருடம் அறுந்த வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சினிமா எடுக்க வந்துவிட்டார். குருவின் பெயர் நசீமா. ஆறே பேரை வைத்துக்கொண்டு இரண்டு முழுநீளப் படங்கள் எடுத்தவர். மற்ற நாட்களில் அடுத்தவர் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறார்.

"ஆறு பேரை வெச்சு எப்படிம்மா ஒரு படத்தை எடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் தணிகாசலம் முதலில் அவரிடம் போனார்.

"ஏழாவது ஆளைக் கூப்பிடலை சார். அவ்வளவுதான்" என்றார் நசீமா.

அன்றிலிருந்து தணிகாசலத்துக்கு அவர் குரு. "குருவே" என்றுதான் கூப்பிடுவார். குருவோ அவரை "சார்" என்பார். சார் என்று சொல்லிக்கொண்டே சிஷ்யரைத் திட்டுகிற குருவை நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது.

சிஷ்யரின் முதல் படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய குருவே வந்திருந்தார். படப்பிடிப்பு மொத்தம் பதினெட்டு நாள். தினமும் காலையில் தணிகாசலம் கேட்பார்: "படம் வந்துடுமா குருவே?"

"டீ ஆறுது சார்" என்பார் நசீமா. ஒருநாள், "வெயில் ஏறுது சார்." இன்னொரு நாள், "செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க சார்."

குனிந்து பார்த்தால் உண்மையிலேயே மாற்றித்தான் போட்டிருந்தார்.

பதினெட்டாம் நாள் வந்தது. கடைசி நாள், கடைசிக் காட்சி. அரக்கோணத்தில், தண்டவாளத்தை ஒட்டிய ஓர் ஓட்டு வீடு. படத்தின் நாயகன் கஜபதி. அவர் நடிகர் இல்லை, தையல்காரர். அந்த வீட்டில் நிஜமாகவே பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தவர். கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. மனைவியும் சாமான்களும் நேற்றே செய்யாற்றுக்குப் போயாயிற்று. இன்று நாலு மணிக்கு அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போகக் கார் வருகிறது. நாளைக் காலை புதுக் குடித்தனக்காரர்கள் அதே வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

காட்சி சின்னது. காலி வீட்டில் ஒருவர் தனியாக நிற்கிறார். நான்கு சுவரையும் பார்க்கிறார். "சரி, நான் வரேன்" என்று வீட்டிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் தணிகாசலம் மொத்தக் கதையையும் எழுதினார். நாலு மணிக்குள் இது கிடைக்காவிட்டால் ஆளும் இல்லை, வீடும் இல்லை, படமும் இல்லை.

நசீமா வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும். போன், சில்லறை, வளையல், சாவி, சத்தம் போடுகிற எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒளிப்பதிவாளர் சற்குணம் பெல்ட்டைக்கூடக் கழற்றிப் போட்டுவிடுவார். பிறகு ஒரு கையில் கேமராவும் ஒரு கையில் பேன்ட்டுமாக வேலை பார்ப்பார்.

தணிகாசலமும் போட்டார். போனைப் போட்டார், சில்லறையைப் போட்டார், கண்ணாடிக் கூட்டைப் போட்டார். சாவிக்கொத்தை மட்டும் போடவில்லை. பதினெட்டு நாளும் போடவில்லை.

அந்தக் கொத்தில் ஒரு சாவிகூட அவருடையது இல்லை. மைத்துனரின் வேன் சாவி, கல்யாண ஸ்டுடியோக்காரர் கொடுத்த லென்ஸ் பெட்டியின் சாவி, படம் எடுக்க விட்ட பள்ளிக்கூடத்தின் சாவி, இந்த வீட்டுச் சாவி. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் "பத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். டப்பாவில் போட்டுத் தொலைந்தால் யார் முகத்தில் விழிப்பது? அதனால் கொத்தைக் கைக்குட்டையில் இறுக்கி முடிந்து, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார். துணியில் முடிந்த சாவி எங்கே சத்தம் போடப்போகிறது என்பது அவர் நினைப்பு.

ஒரு மணிக்கு முதல் டேக் போனார்கள்.

கஜபதி நடு வீட்டில் நின்றார். கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டார்.

"கட். கஜபதி, கை இயல்பா இருக்கட்டும்" என்றார் தணிகாசலம்.

"கைய இன்னா சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

"அதான் சார் வரமாட்டேங்குது. துணி இல்லாம, ஊசி இல்லாம இந்தக் கைய எங்க வெக்கிறதுன்னே தெரியல."

காதில் ஹெட்போனோடு மூலையில் உட்கார்ந்திருந்த நசீமா தலையை ஆட்டினார். "அது இருக்கட்டும். ஒன் மோர் போகணும் சார். ஏதோ சத்தம் வருது."

"என்ன சத்தம் குருவே?"

"சின்னதா. இரும்புல இரும்பு படற மாதிரி. காலி வீடு இல்லையா, எல்லாம் எதிரொலிக்குது."

தணிகாசலம் ஓடினார். கேட்டின் கொண்டியைத் துணி வைத்துக் கட்டினார். திரும்பி வந்து இரண்டாவது டேக். சத்தம் இருந்தது. பக்கத்து வீட்டு விமலாவிடம் போய்க் கொலுசைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினார். "வீட்டக் காலி பண்ண அன்னிக்குக்கூட இவ்ளோ ரகளை இல்ல" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கழற்றினாள். மூன்றாவது டேக். அப்போதும் சத்தம். தெருவில் கழுத்துமணியோடு மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை அவரே பிடித்துத் தெருமுனை வரை இழுத்துப்போய்க் கட்டிவிட்டு வந்தார். ஆடு வர மறுத்தது. அதனிடமும் கெஞ்சினார்.

இடையில் ரயில்கள் வேறு. எந்த ரயில் எப்போது வரும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. ரயில் வரும்போதெல்லாம் "கட்" என்று கத்துவார். கஜபதிக்கு மட்டும் ரயில் ஒரு பொருட்டே இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரையும்போல, பேசிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் நிறுத்திவிட்டு, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஊருக்குப் போனதும் போன் பண்றேன்னு…" என்பார். பதினெட்டுப் பெட்டி கடந்து போகும். "…சொன்னேன் சார் வீட்ல."

இரண்டு மணியானது. மூன்றானது. டேக் பதினொன்றைத் தாண்டியது.

"இன்னும் கேக்குதா குருவே?"

"கேக்குது சார். முன்னைவிட ஜாஸ்தியா."

தணிகாசலம் கண்ணை மூடினார். வேன் கொடுத்த மைத்துனர் முகம், ஸ்டுடியோக்காரர் முகம், பள்ளிக்கூட வாட்ச்மேன் முகம் எல்லாம் வரிசையாக வந்து, "என்னப்பா ஆச்சு படம்?" என்று கேட்டுவிட்டுப் போயின. இவர்களிடம் என்ன சொல்வது? ஒரு சத்தம் வந்தது, அதனால் படம் இல்லை என்றா?

மூன்றரை ஆனபோது நசீமா எழுந்தார். நீளக் கம்பியின் முனையில் இருந்த மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கிற இடத்துலயே நில்லுங்க. யாரும் பேசாதீங்க."

நின்றார்கள். மைக் கூரைப்பக்கம் போனது. ஜன்னல் பக்கம் போனது. சற்குணத்தின் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றியது. கஜபதியின் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, இறங்கி, தணிகாசலத்தின் இடுப்புக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

தணிகாசலம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தன் வலது கால் தெரிந்தது. முழங்காலிலிருந்து கீழே தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து ஆடுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் சட்டையைத் தூக்கி முடிச்சை எடுத்தார்.

"டப்பால போடலையா சார்?"

"துணியில முடிஞ்சு வெச்சிருந்தேன் குருவே. சத்தம் வராதுன்னு நெனச்சேன்."

"ஏன் போடல?"

"தொலைஞ்சிட்டா?"

"இத்தனை நாள்ல டப்பால போட்டது எது சார் தொலைஞ்சுது?"

தணிகாசலம் யோசித்தார். "எதுவும் இல்ல."

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. இரண்டரை மணி நேரமாகத் தன் படத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆட்டைப் போய் இழுத்துக் கட்டியது வேறு நினைவுக்கு வந்தது. கொத்தை டப்பாவில் போட வாசலை நோக்கி நடந்தார்.

"அங்க வேணாம்" என்றார் நசீமா. கொத்தை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். கைக்குட்டையைச் சிஷ்யரிடம் கொடுத்துவிட்டு, சாவிகளைக் கஜபதியின் கையில் வைத்தார். "அண்ணே, இதை வெச்சுக்கிட்டு நில்லுங்க."

"குருவே! அவர் கையில இருந்தாலும் சத்தம் வருமே!"

"வரட்டும் சார். இப்ப அது படத்துக்குள்ள இருக்கு."

மணி மூன்று நாற்பது. தணிகாசலம் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு "ஆக்‌ஷன்" என்றார்.

கஜபதி நின்றார். சுவரைப் பார்த்தார். தையல் மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது, அதைப் பார்த்தார். கை தானாக அசைந்தது. கட்டைவிரல் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. வேன் சாவி போனது, பெட்டிச் சாவி போனது, பள்ளிக்கூடச் சாவி போனது. நான்காவதில் விரல் நின்றுவிட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் இருட்டிலும் மழையிலும் தடவிக் கண்டுபிடித்த சாவி அது.

"சரி…" என்றார் கஜபதி.

ரயில் வந்தது.

தணிகாசலம் "கட்" சொல்ல வாயைத் திறந்தார். நசீமாவின் உள்ளங்கை அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தது.

சரக்கு ரயில். வீடே அதிர்ந்தது. கஜபதி வழக்கம்போல வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டுக் காத்திருந்தார். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் இனி ஒருதரம் இப்படிக் காத்திருக்கப் போவதில்லை என்பது அவருக்கு எந்தப் பெட்டியின்போது உறைத்ததோ தெரியாது. முகம் மட்டும் மாறிவிட்டது. கையிலிருந்த சாவிகள் லேசாகக் குலுங்கின.

ரயில் போய்விட்டது.

"…நான் வரேன்."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நாதாங்கி விழுந்தது. பூட்டு மாட்டும் சத்தமும் சாவி திரும்பும் சத்தமும் தெளிவாகக் கேட்டன. பழக்க தோஷத்தில் மனிதர் நிஜமாகவே பூட்டிவிட்டார்.

"கட்" என்றார் தணிகாசலம், யாருக்கும் கேட்காத குரலில்.

சற்குணம் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பேன்ட்டைப் பிடிக்கவும் மறந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தணிகாசலத்துக்கு நிலைமை புரிந்தது. எல்லோரும் உள்ளே. பூட்டு வெளியே. பதினெட்டு நாளாக இடுப்பை விட்டு இறங்காத சாவிக்கொத்து, இன்னும் பத்து நிமிடத்தில் கத்தாருக்குக் கிளம்பப்போகிற ஆளின் கையில்.

"குருவே, எல்லாச் சாவியும் அவர்கிட்ட இருக்கு!"

"ஆமா சார்."

"கார் வந்து அப்படியே ஏறிட்டார்னா? கூப்பிடுறேன். கூப்பிட்டு, சேஃப்டிக்கு இன்னொரு டேக்கும் போயிடலாம். ஒண்ணுதானே எடுத்திருக்கோம்? போகஸ் போயிருந்தா? கார்டு கெட்டுப்போச்சுன்னா?"

கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

"இருங்க" என்றார் நசீமா. அவர் மைக்கை வீட்டின் நடுவில், கஜபதி நின்ற இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். "இந்தக் காலி வீட்டோட அமைதிய ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்கணும். வசனத்துக்கு அடியில அதைத்தான் விரிக்கணும். இல்லன்னா வெட்டுற இடமெல்லாம் ஓட்டையா கேக்கும். நாளைக்கு இங்க வேற சாமான் வந்துடும். இந்த அமைதி திரும்பக் கிடைக்காது."

"இன்னொரு டேக்?"

"நேரம் ஒண்ணுக்குத்தான் சார் இருக்கு. டேக்கா, இதுவா? டைரக்டர் நீங்க. சொல்லுங்க."

வெளியே கஜபதியின் செருப்புச் சத்தம் படியிறங்குவது கேட்டது. தணிகாசலத்தின் ஓங்கிய கை கதவுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

"படம் வந்துடுமா குருவே?"

நசீமா ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"பதினெட்டு நாளா இந்தக் கேள்வியத்தான் சார் ரெக்கார்டு பண்ணிட்டிருக்கேன். ஒரே ஒரு நிமிஷம், அது இல்லாம இந்த வீடு எனக்கு வேணும்."

தணிகாசலம் கையை இறக்கினார்.