ஒரு விசில், இரண்டு விசில்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதையிலே விசில் சத்தம் மட்டும்தான் கேட்கும், பேச்சு கேட்காது.

மலையடிவாரத்திலே ஒரு மடம். ஓடு போட்ட நாலு அறை, ஒரு அடுப்படி, பின்னாலே வாழைத்தோப்பு, அவ்வளவுதான். அங்கே குரு ஒரு பெண். மரகதத் தாயி என்று பேர். வயது நாற்பத்திரண்டு. மடத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் ஒரு கண் ஆஸ்பத்திரியிலே, வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விடுகிற வேலை பார்த்தவர்.

சீடர்களிலே வயதானவர் குத்தாலிங்கம். அறுபத்துமூணு. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன மறுமாசம் மடத்துக்கு வந்துவிட்டார். வரும்போது கொண்டுவந்தது ரெண்டு வேட்டி, ஒரு விசில், பதினைந்து வருஷத்துச் சர்க்கரை வியாதி.

குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவைத் தாயி என்பார்.

அந்த விசில் மடத்துக்கு உதவியது. வாழைத்தோப்புக்கு அப்பப்போ யானை வரும். வந்தால் குத்தாலிங்கம் ஒரு விசில் ஊதுவார். பஸ்ஸிலே ஒரு விசிலுக்கு என்ன அர்த்தமோ இங்கேயும் அதேதான்: நில்லு. அவரவர் நின்ற இடத்திலே நிற்பார்கள். யானை திரும்பிப் போனதும் ரெண்டு விசில். போகலாம்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரிசியிலே கல் பொறுக்குவது.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். கடக்கென்று ஒரு சத்தம். குரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள். சமையல் அவள் பொறுப்பு, வாயும் அவள் பொறுப்புதான்.

"மறுபடியும் கல்லா தாயி? அண்ணாச்சி, நீங்க பொறுக்குதீயளா, இல்ல கூடப் போடுதீயளா?"

"கடைக்காரன் அப்படிக் குடுக்கான். என்னை ஏன் வையுத?"

"முந்தியெல்லாம் ஒரு கல்லு அம்புடாதே!"

குரு கல்லை உள்ளங்கையிலே வைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு நாம தென்காசிக்குப் போயி உங்க கண்ணைக் காட்டிட்டு வருவமா?"

"எதுக்கு தாயி? கண்ணுக்கு ஒண்ணுமில்லையே. அந்தா, எதிர்மலைக் கோயில் கொடி தெரியுது. ஊசியிலே நூல் கோக்கேன்."

"சர்க்கரை இருக்கே."

"அது ரத்தத்திலே இருக்கு. ரத்தத்திலே இனிப்பு இருந்தா கண்ணுக்கு என்ன?"

குரு கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்திலே உட்கார்ந்தார்.

குத்தாலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க பெரியண்ணனுக்கும் இதே சர்க்கரைதான். ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அரைகுறையாவாவது தெரிஞ்சுது. போனாரு. ரொம்ப லேட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாவ. அதுக்கப்புறம் ஆறு வருஷம் என் தோளைப் பிடிச்சுத்தான் நடந்தாரு. எனக்குப் பிடிச்சுக்கத் தோளு இல்ல தாயி. நான் போகல."

"சரி. உங்க விசிலை ஒருநாள் எனக்குக் குடுங்க."

முப்பது வருஷம் யார் கையிலும் கொடுக்காத விசில். கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலே குரு வாசல் பாறைமேலே ஏறி நின்று ஒரு விசில் ஊதினார். பொன்னுத்தாய் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். தோப்புக்காரர் முப்பிடாதி மண்வெட்டியை ஓங்கினபடி நின்றார். ரெண்டு விசில். வேலையைத் தொடர்ந்தார்கள்.

உடனே ஒரு விசில். நின்றார்கள். ரெண்டு. நகர்ந்தார்கள். ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு. பிறகு எண்ணவே முடியவில்லை. விசில் குரு வாயை விட்டு இறங்கவேயில்லை.

பாலைப் பொங்கவிட்டாள் பொன்னுத்தாய். முப்பிடாதி ஒரு காலைத் தூக்கியவர் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாய்க்காலிலே விழுந்தார்.

"தாயிக்கு என்ன ஆச்சு? யானை வந்திருக்கா, போயிருக்கா?"

"நில்லுங்காவளா, போங்காவளா?"

உச்சிப்பொழுது ஆச்சு. முப்பிடாதி காதிலே பஞ்சை அடைத்துக்கொண்டு வாழை மூட்டிலே படுத்துவிட்டார். பொன்னுத்தாய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது குரு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு அழுத்தமாக, தெளிவாக, ஒரே ஒரு விசில் ஊதினார்.

யாரும் நிற்கவில்லை. முப்பிடாதி புரண்டுகூடப் படுக்கவில்லை.

குத்தாலிங்கம் பாறைக்கு ஓடிவந்தார். அவர் கோபப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"தாயி! இப்ப நெசமாவே யானை வந்திருந்தா?"

"செத்திருப்பாரு முப்பிடாதி."

"அவருக்கு நல்ல காதுதானே!"

"நல்ல காதுதான். விசிலும் நல்ல விசில்தான். அப்புறம் எங்கே கோளாறு?"

"இதென்ன கேள்வி? ஊதினா வாயிலேருந்து எடுக்கணும் தாயி! வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே எனக்குச் சொன்ன பாடம் அது. ஊது, எடு. எடுக்காம ஊதிக்கிட்டே இருந்தா டிரைவர் என்னத்தைக் கண்டான்? ஒண்ணு வண்டியைக் குப்புறக் கவுப்பான், இல்ல என்னைக் கீழே தள்ளிட்டுப் போயிருவான்."

குரு விசிலை வாயிலிருந்து எடுத்தார். பாறையிலே உட்கார்ந்தார். அவருக்குத் தாடை வலித்தது.

"உங்க கண்ணுக்குப் பின்பக்கம் ஒரு திரை இருக்கு, அண்ணாச்சி. வெங்காயத் தோலை விட மெல்லிசு. அதிலே பொடிப்பொடியா உசிருள்ள நரம்புகள். ஒண்ணு பார்த்ததை அடுத்ததுக்குச் சொல்லும். எப்படிச் சொல்லும் தெரியுமா? ஒரு சொட்டு ரசாயனத்தை விடும். அதுதான் அதுக்கு விசில்."

"ம்."

"சொன்னதும் அந்தச் சொட்டைத் துடைச்சு எடுக்கணும். எடுக்கிறதுக்குன்னே பக்கத்திலே ஆள் வச்சிருக்கு. சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே கிடந்தா, அந்த ஆள் கை சோர்ந்து போகும்."

"எடுக்க மாட்டானா?"

"எடுக்க முடியாது. சொட்டு அங்கேயே கிடக்கும். விசில் நிக்காது."

குத்தாலிங்கம் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முப்பிடாதி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"முப்பிடாதி மாதிரி படுத்திருமா?"

"இவரு சாயங்காலம் எந்திரிச்சிருவாரு. அதுகள் எந்திரிக்காது. ஒண்ணு ஒண்ணாப் படுக்கும். பக்கத்து ரத்தக்குழாய் கசியிறதுக்கு முன்னாலேயே சில பேருக்கு இது தொடங்கிரும்."

"ஆனா எனக்குக் கொடி தெரியுதே தாயி. நூல் கோக்கேனே."

குரு எழுந்து உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்தார். ரெண்டு மாசமாகத் தன் சோற்றிலே அகப்பட்ட கல்லையெல்லாம் அதிலேதான் போட்டு வைத்திருந்தார். அவர் கையிலே கொட்டினார்.

"இதிலே கறுப்புக் கல் எத்தனை?"

குத்தாலிங்கம் விரலாலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளை. அரிசி நிறத்திலே வெள்ளை.

"கறுப்பையெல்லாம் நீங்க பொறுக்கிட்டீங்க. வெள்ளைமேலே வெள்ளைதான் உங்க கண்ணுக்குத் தப்புது."

குத்தாலிங்கம் கல்லையெல்லாம் திரும்பச் சிரட்டையிலே போட்டார். பிறகு கேட்டார், "தென்காசிக்கு முதல் பஸ் ஆறரைக்குத்தானே?"

ஆஸ்பத்திரியிலே அவர் கண்ணிலே சொட்டு மருந்து விட்டார்கள். விட்ட பெண் வேலைக்குப் புதுசு. இமையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று குரு சொல்லிக்கொடுத்தார். ஒரு மெஷினுக்கு முன்னாலே தாடையை வைக்கச் சொன்னார்கள். அப்புறம் பெஞ்சிலே உட்காரச் சொன்னார்கள்.

"தாயி."

"சொல்லுங்க."

"லேட்டுன்னு சொன்னா, மடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போவியளா? இல்ல இங்கேயே..."

"அண்ணாச்சி, என் தோள் உயரம் உங்களுக்குச் சரியா வருமான்னு வேணா பார்த்துக்கோங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டாலே கண்ணைத் துடைத்தார். சொட்டு மருந்து வழிகிறது என்று தானாகவே சொன்னார்.

டாக்டர் கூப்பிட்டார். சின்னப் பையன் மாதிரி இருந்தார்.

"பெரியவரே, நரம்புப் படலம் ஒரு ஓரத்திலே லேசா மெலிய ஆரம்பிச்சிருக்கு. ரத்தக்குழாய் எதுவும் கசியல. போன நரம்பு திரும்பாது. ஆனா ரொம்பக் கொஞ்சம்தான் போயிருக்கு. சர்க்கரையைக் கட்டுப்பாட்டிலே வைங்க, ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க. இப்போதைக்கு உங்க பார்வைக்கு ஆபத்தில்லை."

"லேட் இல்லையா டாக்டர்?"

"நல்ல நேரத்திலே வந்திருக்கீங்க."

குத்தாலிங்கம் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மருந்து விட்ட கண்ணுக்கு ஆள் சரியாகத் தெரியாததாலே, பக்கத்திலிருந்த பீரோவைக் கும்பிட்டார். டாக்டர் நகர்ந்து பீரோவுக்கு முன்னாலே வந்து நின்று வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸிலே கண்டக்டர் ரெண்டு விசில் ஊதினார். குத்தாலிங்கம் கண்ணை மூடியபடியே, "எடுத்துட்டான். நல்ல பையன்" என்றார்.

மடத்துக்குச் சேதி போனிலே முன்னாலேயே வந்துவிட்டது. பொன்னுத்தாய் வாசலிலே நின்றாள்.

"அண்ணாச்சி, கல்லு பொறுக்க இனிமே நான் வேற ஆளு பார்க்கேன். உங்களைத் திட்டினதுக்கு என் நாக்கைத்தான் அறுக்கணும்."

"அறுத்துராத. அப்புறம் மடத்திலே சத்தமே இருக்காது."

முப்பிடாதி வாழை இலையை விரித்தார். பொன்னுத்தாய் சந்தோஷத்திலே சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். நெய் மணம் தோப்பு வரைக்கும் போனது. எல்லார் இலையிலும் வைத்துக்கொண்டே வந்தவள், குத்தாலிங்கம் இலைக்கு முன்னாலே நின்றாள். அவளுக்கு வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

குத்தாலிங்கம் குருவைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒருநாள் தாயி. கண்ணு கிடைச்ச சந்தோஷத்துக்கு. ஒரு கரண்டி."

குரு தன் பொங்கலைக் கிளறி ஆறவிட்டார்.

"அரைக் கரண்டி."

பொன்னுத்தாய் கரண்டியைத் தாழ்த்தினாள். குத்தாலிங்கம் கை இலைக்கு நீண்டது.

குரு இன்னும் திருப்பிக் கொடுக்காமல் இடுப்பிலே செருகியிருந்த விசிலை எடுத்து ஒரே ஒருதடவை ஊதினார். ஊதிய கையோடு வாயிலிருந்து எடுத்துவிட்டார்.