பெயர்கள் ஓடும் நேரம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வடிவக்கா, ஆவுடையப்பன், சமையல் இசக்கி, வாழைத்தோப்பு அக்கா தங்கை இருவர், சிமெண்ட் லாரி ஓட்டும் பிச்சையா, அவர் மனைவி சுடலி. பூனையைச் சேர்த்தால் எட்டு. அது படம் பார்க்காது என்பதால் ஆவுடையப்பன் சேர்ப்பதில்லை.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் அது. சனிக்கிழமை சாயங்காலம் தியானம் முடிந்ததும் வெள்ளைச் சுவரில் ஒரு சினிமா உண்டு.

ஆசிரமத்தில் சினிமாவா என்று கேட்டால், "தியானத்துல தூங்குறவங்க இதுலயாவது முழிச்சிருக்கட்டுமே" என்பார் வடிவக்கா.

குரு வடிவக்காவுக்கு வயது ஐம்பது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தெட்டு. அவர் குருவை அக்கா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"அக்கா, இடம் பத்தலை" என்றார் ஆவுடையப்பன்.

"எங்க?"

"ஹார்டு டிஸ்க்குல."

ஆசிரமத்தில் முந்நூற்றொரு படங்கள் டிவிடியாக இருந்தன. மலை ஈரத்தில் ஒவ்வொன்றிலும் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்குத் தாங்காது. அதனால் படங்களைச் சுருக்கி ஒரே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றும் வேலை ஆவுடையப்பனிடம் வந்தது. கம்ப்யூட்டர் இரவல். மறுநாள் மதியம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"முந்நூறு ஏறிட்டு. ஒண்ணு ஏறலை. அதுக்கு ஆயிரத்து முந்நூத்தி அறுபது எம்.பி. வேணும். இருக்கிறது நூத்தித் தொண்ணூத்தேழு."

"எந்தப் படம் அந்த ஒண்ணு?"

ஆவுடையப்பன் துண்டை எடுத்து மடித்தார்.

"கண்டக்டர் படம்."

வாழைத்தோப்புச் சகோதரிகள் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றார்கள்.

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகளை, தன் பஸ் நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு கண்டக்டர் தேடுகிற கதை அது. ஆசிரமத்தில் அதிகம் தடவை போட்ட படமும் அதுதான். கேட்டு வாங்கிப் போடுகிறவர் ஆவுடையப்பன்.

"உங்களுக்கு உசுரான படமாச்சே. அதை ஏன் கடைசியில வெச்சீங்க?"

"அதனாலதான் அக்கா. பிடிச்சதை முதல்ல ஏத்தினா அது பற்று."

"ஓஹோ" என்றார் வடிவக்கா.

"ஆனா ஒரு வழி இருக்கு. எல்லாப் படத்துலயும் முடிவுல பேரு ஓடுது. லைட் பிடிச்சவரு, டீ கொடுத்தவரு, சாமான் ஏத்தி இறக்கினவரு. நாலு நிமிஷம். கறுப்புல வெள்ளை எழுத்து, அதனால இடம் அதிகம் பிடிக்காது, சராசரி நாலு எம்.பி. ஆனா முந்நூறு படத்துலயும் அதை வெட்டிட்டா ஆயிரத்தி இருநூறு. இருக்கிறதோட சேர்த்தா கண்டக்டர் உள்ள வந்திருவாரு."

"வெட்டலாமான்னு கேக்கீங்களா?"

"பாடுபட்டவங்க பேரு. அதை வெட்டுறது பாவமோன்னு ஒரு சின்ன உறுத்தல். ஆனா யாரு அக்கா படிக்கா? ஒருத்தராவது படிச்சு நான் பார்த்ததில்லை."

பிச்சையா மீசையைத் தடவினார். "நான் படிப்பேன்."

"நீரு முன்னால போற லாரியில எழுதியிருக்கிறதையே படிக்க மாட்டீரு. அதான் போன மாசம் போய் இடிச்சீரு" என்றாள் சுடலி.

சிரிப்பு அடங்கும்வரை வடிவக்கா பொறுத்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கண்டக்டர் படத்துல மட்டும் இப்ப வெட்டுங்க. இன்னைக்கு அதையே போடுவோம்."

"வெட்டு சரியா விழுந்திருக்கான்னு பாக்கவா?"

வடிவக்கா எழுந்து போய் எல்லோருக்கும் பொரிகடலை கொண்டுவந்தார்.

ஆவுடையப்பன் வெட்டினார். சுத்தமான வெட்டு. கடைசிக் காட்சி முடிகிற இடத்துக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. பழைய கட்டடம், தேள் நடமாட்டம் இருந்தது. ஆகவே பெயர்களும் ஓடி முடிந்து சுவர் இருண்டதும் விளக்கு எரிந்துவிட வேண்டும். சுவிட்சுக்குப் பொறுப்பு இசக்கி. அவள் கை சுவிட்சிலேயே இருக்கும்.

படம் ஓடியது. கண்டக்டர் ஊர் ஊராகத் தேடினார். ஆவுடையப்பன் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால், தூணோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபது தடவைக்கு மேல் பார்த்த படம். அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெரிந்தும் துண்டை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி. கூட்டமான பஸ். கண்டக்டர் குனிந்தபடி சில்லறை பொறுக்கிக்கொண்டு வருகிறார். அவர் முன்னால் ஒரு கை நீள்கிறது.

"அப்பா, ஊருக்கு ஒரு டிக்கெட்."

கண்டக்டர் நிமிரவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கிறார். கிழித்ததைக் கொடுக்க முடியவில்லை.

சுவர் இருண்டது.

இசக்கி விளக்கைப் போட்டாள்.

ஆறு பேரும் எழுந்து திரும்பினார்கள். திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள்.

தூணோரம் ஆவுடையப்பன் துண்டின் ஒரு முனையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. மூக்கு ஒழுகியது.

"அண்ணாச்சி, தேள் கொட்டிட்டா?" என்று இசக்கி ஓடிவந்தாள்.

ஆவுடையப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தார். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார்.

"ஆமா" என்றார்.

"எங்க?"

அவர் சுவரைக் காட்டினார்.

முதலில் சிரித்தது சுடலி. அப்புறம்தான் அவள் கன்னமும் நனைந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிச்சையா தன் மீசையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாழைத்தோப்புச் சகோதரிகளில் மூத்தவள் தன் முந்தானை என்று நினைத்து இளையவள் முந்தானையில் மூக்கைத் துடைத்து, முதுகில் ஒரு அடி வாங்கினாள்.

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார். வடிவக்காவின் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன.

"நீங்களுமா அக்கா?"

"பின்னே? அந்தப் பிள்ளை கையை நீட்டினா நான் என்ன கல்லா?"

"இத்தனை தடவை போட்டோம். நீங்க அழுது நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே."

"நீங்க அழுததையும்தான் யாரும் பார்த்ததில்லை."

பெயர்கள் ஓடியிருக்க வேண்டிய வெறும் சுவரை ஆவுடையப்பன் பார்த்தார். 

"இசக்கி, லைட்டை அமத்து" என்றார் வடிவக்கா.

"தேளு, அக்கா?"

"எல்லாரும் காலைத் தூக்கி மேல வெச்சுக்கங்க."

விளக்கு அணைந்தது. சுவரில் ஒன்றும் ஓடவில்லை. ஏழு பேரும் பெஞ்சுகளில் சம்மணமிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். துணிகள் உரசின. வளையல் சத்தம் கேட்டது. பிச்சையா பெரும் சத்தத்தோடு மூக்கைச் சிந்தினார்.

"எதிர்ல வண்டி வருது, ஒதுங்குங்க" என்றாள் சுடலி.

மறுபடி சிரிப்பு. சிரித்ததில் இரண்டு பேருக்கு மறுபடி அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வடிவக்காவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இப்ப லைட்டைப் போடலாமா?"

"இன்னும் கொஞ்சம், அக்கா."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் சமையல்கட்டுக்கு வந்தார். வடிவக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஏறிட்டு அக்கா. முந்நூத்தி ஒண்ணு."

"கண்டக்டரும்?"

"பேரோட."

"மத்த முந்நூறு?"

"ஒண்ணுலயும் கை வைக்கலை."

"பிறகு எப்படி இடம் வந்தது?"

ஆவுடையப்பன் உட்கார்ந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

"டிஸ்க்குல படம் இல்லாம வேற ஒண்ணும் கிடந்தது. போன வருஷம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாலு மாசம் நான் பேசினேன்லா. பிச்சையா வீடியோ எடுத்தாரு. நாலு பேச்சு. வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு முதல்ல ஏத்தினது அதைத்தான்."

"என்ன தலைப்பு அது? மறந்துபோச்சு."

"பற்று விடுதல்."

வடிவக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆவுடையப்பனும் சிரித்தார். இசக்கி என்ன என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

"நாலையுமா அழிச்சீங்க? வேற எங்கயாவது பிரதி இருக்கா?"

"இல்லை."

"ஒண்ணையாவது வெச்சிருக்கலாமே, அண்ணாச்சி. நல்லாத்தான் பேசினீங்க."

"ஒரு பேச்சுக்கு முந்நூறு எம்.பி. வேணும் அக்கா" என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மிச்சம் இருக்கிறது முப்பத்தேழு."